முதலில் சார்ட், அப்புறம் குரூப்பை: பைத்தானின் ஃபங்ஷனல் கருவிகள் பற்றி ஒரு பால் கணக்குக்காரியின் மதிப்புரை

மிக்சி வாங்கினாலும் ஒரு வருடம் அரைத்துப் பார்க்காமல் யாரிடமும் நல்லது கெட்டது சொல்ல மாட்டேன். இந்தக் கருவிகளை ஐந்து வருடம் அரைத்துப் பார்த்தாயிற்று, அதனால் சொல்லலாம். காசு கொடுத்து வாங்கியவை இல்லை. பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியை இறக்கினால் கூடவே வரும் இரண்டு பெட்டிகள், இட்டர்டூல்ஸும் ஃபங்டூல்ஸும். அப்புறம் மொழிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் லாம்டா, மேப், ஃபில்டர், காம்ப்ரிஹென்ஷன், ஜெனரேட்டர். வேலையைச் சின்னச் சின்ன ஃபங்ஷன்களாகப் பிரித்து எழுதுவதற்கு வைத்திருக்கும் ஃபங்ஷனல் புரோகிராமிங் என்ற பெரிய பெயருக்குப் பைத்தான் கடையில் கிடைக்கும் சரக்கு இவ்வளவுதான்.

நான் புரோகிராமர் இல்லை. பி.காம் படித்தவள். ஈரோடு பக்கம் ஒரு தனியார் பால் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். 23 சென்டர்கள், ஏறக்குறைய 2,900 பேர் பால் ஊற்றுகிறார்கள். காலை ஒரு நேரம், மாலை ஒரு நேரம். பால் ஊற்றியதும் அங்கிருக்கும் மெஷின் ஒரு வரி எழுதும்: தேதி, நேரம், உறுப்பினர் எண், லிட்டர், ஃபேட் (கொழுப்பு), எஸ்.என்.எஃப் (கொழுப்பு நீங்கலாகப் பாலில் இருக்கும் திடப்பொருள்). பத்து நாளுக்கு ஒரு பில். அதாவது ஒரு பில்லுக்கு ஆளுக்கு 20 வரி, மொத்தம் 58,000 வரிகள். முன்பு இதை எக்செல்லில் செய்துகொண்டிருந்தோம். ஃபைல் திறப்பதற்குள் டீ ஆறிவிடும். 39 வயதில் பைத்தான் கற்றுக்கொண்டதற்கு அந்த டீதான் காரணம்.

முதலில் நான் எழுதிய ஸ்கிரிப்ட் 600 வரி. ஒரே ஒரு ஃபார் லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வது), அதற்குள் லூப், அதற்குள் இஃப். மேலே பதினான்கு மாறிகளை, அதாவது மதிப்பு போட்டு வைக்கும் டப்பாக்களை, திறந்து வைத்திருந்தேன். லூப் ஓட ஓட அவை மாறிக்கொண்டே இருக்கும். பில் சரியாகத்தான் வந்தது. ஆனால் யாராவது வந்து "எனக்கு 312 ரூபாய் குறையுதுங்க" என்றால் என்னிடம் பதில் கிடையாது. அந்த ஒருவருடைய கணக்கை மட்டும் தனியாகப் போட வழியே இல்லை. 58,000 வரியையும் ஓட்டி, நடுவில் எங்கேயாவது நிறுத்தி, அந்த நிமிடத்தில் எந்த மாறியில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்க வேண்டும்.

அந்தச் சமயத்தில் என் பெண் பத்தாம் வகுப்பு. கணக்குப் புத்தகத்தில் முதல் பாடமே உறவுகளும் சார்புகளும். சார்பு என்றால் ஆங்கிலத்தில் ஃபங்ஷன். இரவு அவளுக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால், மதிப்பகத்தில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் துணை மதிப்பகத்தில் ஒன்றே ஒன்றுதான் விடை என்று படம் போட்டிருந்தது. ஒரே எண்ணைக் கொடுத்தால் எப்போது கேட்டாலும் ஒரே விடை. சட்டென்று எனக்கு ஆபீஸ் ஞாபகம் வந்தது. ஃபேட் 4.1, எஸ்.என்.எஃப் 8.2, இந்த மாத ரேட் சார்ட் (விலைப் பட்டியல்), மூன்றையும் கொடுத்தால் லிட்டருக்கு ஒரு விலை வர வேண்டும். நேற்று கேட்டாலும் நாளைக்குக் கேட்டாலும் அதே விலை. வெளியே இருக்கும் எந்த மாறியையும் அது தொடவும் கூடாது, பார்க்கவும் கூடாது. ஆங்கிலத்தில் இதைப் பியூர் ஃபங்ஷன் என்கிறார்கள். பெயர் தெரியாமலே அன்று இரவு ஸ்கிரிப்டைப் பிரித்துப்போட்டேன். விலைக்கு ஒரு ஃபங்ஷன், ஒரு வரியின் தொகைக்கு ஒன்று, பிடித்தத்துக்கு ஒன்று, எல்லாம் ஆறேழு வரிதான். மறுநாள் ஒருவர் வந்து கேட்டபோது அவருடைய 20 வரியை மட்டும் அந்த ஃபங்ஷன்களுக்குக் கொடுத்தேன். இரண்டு நிமிடத்தில் விடை. அவருக்கு 14-ஆம் தேதி மாலைப் பாலில் ஃபேட் இறங்கியிருந்தது, அவ்வளவுதான்.

இந்த ஒரு பழக்கத்துக்கு எந்தப் பெட்டியும் தேவையில்லை. பைத்தான் அதைக் கட்டாயப்படுத்துவதும் இல்லை. ஹாஸ்கெல் மாதிரி மொழிகளில் ஃபங்ஷனுக்குள்ளிருந்து வெளியே இருப்பதைத் தொட்டால் அது தெரிகிற மாதிரி எழுதியாக வேண்டும். பைத்தானோ எதைத் தொட்டாலும் சும்மா இருக்கும். அதற்கான விலையை நான் ஒருமுறை கொடுத்தேன், விடைகளை ஞாபகம் வைக்கும் கேஷ் என்ற கருவி பற்றி எழுதும்போது சொல்கிறேன்.

சரி, சரக்குக்கு வருவோம்.

தினமும் கைக்கு வருவது காம்ப்ரிஹென்ஷன். ஹாஸ்கெலிலிருந்து வந்த யோசனை, 2000-இல் வந்த பைத்தான் 2.0-இல் சேர்த்தார்கள். ஃபேட் 3-க்குக் கீழே போன வரிகளில் உறுப்பினர் எண்ணை மட்டும் எடு என்பதை ஒரே வரியில், கிட்டத்தட்ட வாயால் சொல்கிற மாதிரியே எழுதலாம். காலிப் பட்டியலைத் திறந்து, லூப் போட்டு, ஒவ்வொன்றாக அப்பெண்டு செய்கிற வேலை போயிற்று. இதே வேலையை ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஃபங்ஷனை ஓட்டும் மேப், வேண்டியதை மட்டும் வடிகட்டும் ஃபில்டர், பெயரில்லாத சின்ன ஃபங்ஷனான லாம்டா, மூன்றும் வைத்தும் செய்யலாம். அவை இன்னும் பழையவை, 1994-இல் வந்த 1.0-இலேயே இருந்தன. லிஸ்ப் என்ற மொழியில் பழகிய யாரோ ஒருவர் அவை இல்லாமல் தவித்து எழுதி அனுப்பியதாகச் சொல்வார்கள். பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ரோசம் அவற்றின் மேல் பெரிய பிரியம் வைத்ததில்லை. 2005-இல் லாம்டா, மேப், ஃபில்டர், பட்டியலை ஒரே விடையாகச் சுருக்கும் ரெட்யூஸ் நான்கையுமே பைத்தான் 3-இல் எடுத்துவிடலாம் என்று எழுதினார். எதிர்ப்புக்குப் பிறகு மூன்று தப்பித்தன. ரெட்யூஸை மட்டும் முன்வாசலிலிருந்து எடுத்து ஃபங்டூல்ஸ் பெட்டிக்குள் போட்டார்கள். 2008 டிசம்பரில் 3.0 வந்தபோது அது அங்கேதான் இருந்தது.

கைடோ பக்கம்தான் நானும். மேப்புக்குள் ஏற்கெனவே பெயர் உள்ள ஃபங்ஷனைக் கொடுத்தால் படிக்க அழகாக இருக்கும். உள்ளே லாம்டாவைத் திணித்தால் காம்ப்ரிஹென்ஷனைவிட நீளம், பெரும்பாலும் வேகமும் குறைவு. லாம்டாவுக்குள் ஒரே ஒரு எக்ஸ்பிரஷன்தான் எழுதலாம் என்ற கட்டுப்பாடு வேறு. ஏதாவது உடைந்தால் பிழைச் செய்தியில் ஃபங்ஷன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் லாம்டா என்றுதான் வரும். பத்து லாம்டா எழுதியிருந்தால் எந்த லாம்டா? எனக்கு லாம்டா பிடித்த ஒரே இடம், வரிசையாக அடுக்கும் சார்ட்டுக்குள் (sort, ரேட் சார்ட் இல்லை) கொடுக்கும் கீ. எதை வைத்து அடுக்க வேண்டும் என்று ஒரு ஃபங்ஷனைக் கையில் கொடுத்துவிடலாம். ஃபங்ஷனையும் ஒரு பொருள் மாதிரி இன்னொன்றின் கையில் கொடுக்கலாம் என்பது எனக்குப் புரிந்ததே அங்கேதான்.

அடுத்தது ஜெனரேட்டர். ஆபீஸ் கம்ப்யூட்டரில் 4 ஜிபி ராம். ஒரு வருடக் கணக்கு 21 லட்சம் வரிகள். பட்டியலாக ஏற்றினால் திரை உறைந்து நிற்கும். காம்ப்ரிஹென்ஷனின் சதுர அடைப்பை எடுத்துவிட்டு வளைவு அடைப்புப் போட்டால் அது ஜெனரேட்டர். கேட்கும்போது கேட்கும்போது ஒரு வரி மட்டும் எடுத்துக் கொடுக்கும். தொட்டியை நிரப்பிக்கொண்டு மொள்வதற்கும் குழாயடியில் குடம் குடமாகப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். 23 சென்டர் ஃபைல்களை இட்டர்டூல்ஸில் இருக்கும் செயினால் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, ஜெனரேட்டர் வழியாகவே ஓட்டினேன். ஒரு வருடத்து லிட்டர் கணக்கு வந்துவிட்டது, ராம் அசையவில்லை.

ஆனால் குழாய்த் தண்ணீர் ஒருமுறைதான் வரும். பைத்தான் 3-இல் மேப்பும் ஃபில்டரும்கூட இதே குணம்தான். என்னுடைய முதல் பில்லில் விவர வரிகள் எல்லாம் கச்சிதம், அடியில் மொத்தத் தொகை 0. விவரம் அச்சடித்தபோதே மேப் தீர்ந்துவிட்டது. அதற்கப்புறம் அதையே சம்முக்குக் கொடுத்தால் அது கூட்ட ஒன்றுமில்லை என்று பூஜ்யம் சொல்கிறது. பிழைச் செய்தி? ஒன்றும் கிடையாது. தீர்ந்துபோன டப்பாவைக் கூட்டுகிறாய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இந்தப் பெட்டிகளின் மேல் எனக்கிருக்கும் பெரிய மனத்தாங்கலே இதுதான், தப்பாகப் பயன்படுத்தினால் சத்தம் போடுவதில்லை.

அந்த மௌனத்தின் உச்சம் குரூப்பை.

இட்டர்டூல்ஸ் 2003-இல் பைத்தான் 2.3-உடன் வந்தது. ரேமண்ட் ஹெட்டிங்கர் எழுதியது. ஏ.பி.எல், ஹாஸ்கெல், எஸ்.எம்.எல் மொழிகளைப் பார்த்துச் செய்ததாக அதன் ஆவணத்திலேயே இருக்கிறது. அதில் குரூப்பை என்ற பெயரைப் பார்த்ததும் எனக்கு எவ்வளவு சந்தோஷம்! எங்கள் வேலையே அதுதானே. உறுப்பினர் எண் வாரியாகக் குரூப் செய், ஒவ்வொரு குரூப்பையும் கூட்டு, அதை ஒரு டிக்ஷனரியில் (எண்ணுக்கு ஒரு விடை என்று வைக்கும் பட்டியல்) போடு. ஒரே வரியில் முடிந்தது. ஒரு சென்டரின் பழைய ஃபைலை வைத்துச் சோதித்தேன். பைசா சுத்தமாகப் பொருந்தியது. அந்தப் பத்து நாள் பில்லை அதிலேயே போட்டு, இரவு 8 மணிக்கு எல்லோருக்கும் எஸ்.எம்.எஸ் அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

காலை 6:20-க்கு ஒரு சென்டர் செயலாளரிடமிருந்து போன். பக்கத்தில் ஒரு பாட்டி நிற்கிறார், நீங்களே பேசுங்கள் மேடம் என்று போனை அவரிடம் கொடுத்துவிட்டார். "ஏனுங்க அம்மிணி, பத்து நாளும் ரெண்டு நேரமும் பால் ஊத்தியிருக்கறேன். ஒரு நேரத்துப் பாலுக்குத்தான் காசு போட்டிருக்குதுங்க? பாக்கி எங்கீங்க போச்சு?" கோபமே இல்லாமல் கேட்டார். அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது. அடுத்த அரை மணியில் பதினோரு போன்.

ஒரு நேரத்துப் பால் என்று அவர் சொன்னது அப்படியே அட்சரசுத்தம். குரூப்பை என்ற பெயரைப் பார்த்து, ஒரே எண் உள்ள வரிகள் எங்கே இருந்தாலும் பொறுக்கிச் சேர்க்கும் என்று நான் நினைத்துவிட்டேன். அது அப்படிச் செய்வதில்லை. அடுத்தடுத்து நிற்கும் வரிகளில் எண் மாறும் வரைக்கும்தான் ஒரு குரூப். எண் மாறியதும் அதை மூடிவிட்டு அடுத்ததைத் திறக்கும். நான் சோதித்த பழைய ஃபைல் எக்செல்லில் உறுப்பினர் எண் வாரியாக அடுக்கி வைத்திருந்தது, அதனால் பொருந்திவிட்டது. மெஷினிலிருந்து நேராக வரும் ஃபைலோ நேர வாரியாக இருக்கும். முதல் நாள் காலை எல்லோரும், மாலை எல்லோரும், இப்படி. ஆகவே பாட்டிக்கு 20 குரூப், ஒவ்வொன்றிலும் ஒரு வரி. டிக்ஷனரியில் ஒரே எண்ணுக்கு இருபது முறை போட்டால் கடைசியாகப் போட்டதுதான் நிற்கும். பத்தாம் நாள் மாலைப் பால்.

நல்லவேளை, வங்கிக்கு ஃபைல் போவது காலை 11 மணிக்கு. 9 மணிக்குள் திருத்தி, மன்னிப்புடன் புது எஸ்.எம்.எஸ் அனுப்பினேன். திருத்தம் என்பது குரூப்பைக்கு முன்னால் அதே கீயை வைத்து ஒரு சார்ட், அவ்வளவுதான். இதில் ஒரு சின்ன நன்மையும் உண்டு. பைத்தானின் சார்ட் ஏற்கெனவே இருந்த வரிசையைக் குலைக்காது. நேர வாரியாக இருந்ததை உறுப்பினர் எண் வாரியாக அடுக்கினால் ஒவ்வொருவருக்குள்ளும் நேர வரிசை அப்படியே இருக்கும். பில்லில் தேதிகள் தாமாக வரிசையாக நிற்கின்றன.

முதலில் சார்ட் செய்ய வேண்டும் என்று ஆவணத்தில் எழுதியிருக்கிறது, மறுக்கவில்லை. இன்னொன்றும் அதே பக்கத்தில் இருக்கிறது. குரூப்பை கொடுக்கும் ஒவ்வொரு குரூப்பும்கூட ஒரு குழாய். அடுத்த குரூப்புக்குப் போய்விட்டால் முந்தையது காலி. எல்லாக் குரூப்பையும் பட்டியலாகச் சேர்த்து வைத்துவிட்டு அப்புறம் திறந்து பார்க்கலாம் என்று நினைத்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. இதையும் நான் செய்து பார்த்திருக்கிறேன். ஒரு குரூப்புக்கு ஒரு லிஸ்ட் என்று உடனே மாற்றிக்கொள்ள வேண்டும்.

அதே பெட்டியில் பிறகு சேர்ந்த சில்லறைக் கருவிகள்தான் எனக்கு லாபம். பைத்தான் 3.10-இல் பேர்வைஸ் வந்தது. அடுத்தடுத்த இரண்டு வரிகளை ஜோடியாகக் கொடுக்கும். ஒருவருடைய நேற்று மாலை எஸ்.என்.எஃப், இன்று காலை எஸ்.என்.எஃப், ஜோடிக்குள் வித்தியாசம். திடீரென்று விழுந்திருந்தால் அந்த வரி மஞ்சளாகும். தண்ணீர் கலந்திருக்கலாம், மாட்டுக்கு உடம்பு சரியில்லாமலும் இருக்கலாம், தீவனம் மாறியிருக்கலாம். போய்ப் பார்ப்பது சூப்பர்வைசர் வேலை, பார்க்க வேண்டிய பட்டியல் கொடுப்பது என் வேலை. முன்பு இதற்கு "முந்தைய வரி" என்று ஒரு மாறி வைத்து, ஆள் மாறும்போது அதை அழிக்க மறந்து, ஒருவருடைய பாலை இன்னொருவருடைய பாலோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அக்யூமுலேட் என்று ஒன்று இருக்கிறது. கணக்குப் படித்தவர்களுக்கு அது ஒரு பரிசு. தீவனக் கடன் 6,000 ரூபாய் வாங்கியவருக்குப் பில்லுக்குப் பில் பிடிக்கிறோம். ஆரம்ப இருப்பு 6,000, பிடித்தங்களின் பட்டியல், கழித்தல், மூன்றையும் கொடுத்தால் ஒவ்வொரு பிடித்தத்துக்குப் பிறகும் மீதி எவ்வளவு என்று வரிசையாகத் தரும். ஆரம்ப இருப்பு என்ற வசதி 3.8-இல் வந்தது. அதைக் கொடுத்தால் விடையில் ஒரு வரி அதிகமாக வரும், முதல் வரி அந்த 6,000-மேதான். புரோகிராமர்கள் இதை ஒரு தொல்லையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எங்களுக்கோ பாஸ்புக் அப்படித்தான் இருக்க வேண்டும்.

3.12-இல் வந்த பேட்ச்டையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வங்கி ஒரு ஃபைலில் 500 வரிக்கு மேல் வாங்காது. பேட்ச்டு 500 என்று சொன்னால் ஐந்நூறு ஐந்நூறாக வெட்டித் தரும், கடைசிக் கட்டில் மிச்சம் எத்தனையோ அத்தனை. அது வருவதற்கு முன் இதற்காக நான் எழுதி வைத்திருந்த பன்னிரண்டு வரியைப் பார்த்தால் இப்போது எனக்கே புரிவதில்லை.

ரெட்யூஸ் வேண்டாம். கூட்டலுக்கு சம், பெருக்கலுக்கு 3.8-இலிருந்து மேத் என்ற பெட்டிக்குள் பிராட், படிப்படியான மீதிக்கு அக்யூமுலேட் இருக்கின்றன. இவற்றைத் தாண்டி ரெட்யூஸ் எழுதும்போதெல்லாம் காகிதம் பேனா எடுத்துப் படம் போட்டுத்தான் படிக்க வேண்டியிருக்கிறது. ரிகர்ஷனும் அப்படியே. தன்னைத்தானே அழைக்கும் ஃபங்ஷனை லூப்புக்குப் பதிலாகப் பயன்படுத்து என்று ஃபங்ஷனல் பாடங்களில் வரும். பைத்தானில் ஆழம் 1,000 என்று எல்லை வைத்திருக்கிறார்கள், கடைசி வரியில் அழைத்தாலும் சலுகை கிடையாது. எல்லையை ஏற்றலாம்தான். நான் ஏற்றவில்லை.

இப்போது கேஷ். ஃபங்டூல்ஸில் எல்.ஆர்.யூ கேஷ் என்று ஒன்று, 2011-இல் 3.2-உடன் வந்தது. ஃபங்ஷன் தலைக்கு மேல் ஒரு வரி எழுதினால் போதும், ஒருமுறை சொன்ன விடையை ஞாபகம் வைத்துக்கொள்ளும். எல்லோரும் காட்டும் உதாரணம் ஃபிபனாச்சி, முந்தைய இரண்டு எண்ணையும் கூட்டினால் அடுத்த எண் வரும் வரிசை. சும்மா எழுதினால் 35-ஆம் எண்ணைக் கண்டுபிடிக்க அந்த ஃபங்ஷன் 2,98,60,703 முறை ஓடும். கேஷ் போட்டால் 36 முறை. இதைப் பார்த்து வாயைப் பிளந்து, விலை சொல்லும் ஃபங்ஷன் தலையிலும் ஒன்றை ஒட்டினேன். பில் வேகம் கொஞ்சமும் கூடவில்லை. ஏன் கூடும்? அது ஏற்கெனவே டிக்ஷனரியில் பார்த்துத்தான் விலை சொல்கிறது, அதற்கு முன்னால் இன்னொரு டிக்ஷனரி எதற்கு?

வேகம் போகட்டும். அந்தச் சமயம் சோம்பலில் ரேட் சார்ட்டை ஃபங்ஷனுக்குக் கொடுக்காமல் வெளியே பொதுவாக வைத்திருந்தேன். ஃபேட்டும் எஸ்.என்.எஃப்பும் மட்டும்தான் உள்ளே போகும். இந்த ஸ்கிரிப்ட் ஆபீஸில் ஒரு மூலையில் வாரக்கணக்காக அணையாமல் ஓடிக்கொண்டிருக்கும். 1-ஆம் தேதி விலை ஏறியது, புது ரேட் சார்ட்டை ஏற்றினேன். கேஷுக்கு அது எப்படித் தெரியும்? 4.1-க்கும் 8.2-க்கும் போன மாதம் சொன்ன விலையையே சொல்லிக்கொண்டிருந்தது. போன மாதம் வராத ஃபேட் அளவு வந்தால் மட்டும் புது விலை. அதனால் ஒரே நாளில் ஒரே சென்டரில் சிலருக்குப் பழைய விலை, சிலருக்குப் புதிது. பில் போடும் முன்பே பக்கத்து மேஜை அண்ணன் கண்டுபிடித்துச் சொன்னதால் தப்பித்தேன். சார்புக்கு வெளியே இருப்பதைப் பார்க்காதே என்று என் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்த அம்மா நான்தான்.

ரேட் சார்ட்டை உள்ளே கொடுக்கலாம் என்றால் கேஷ் மறுத்துவிட்டது. அது டிக்ஷனரி, லிஸ்ட் போன்ற மாறக்கூடிய பொருள்களை வாங்காது, உடனே பிழை காட்டும். (இங்கே மட்டும் சத்தம் போடுகிறது, சந்தோஷம்.) கடைசியில் விலைக்குக் கேஷே வேண்டாம் என்று எடுத்துவிட்டேன். வங்கிக் கிளை தேடுவதற்கு மட்டும் இப்போது இருக்கிறது. ஐ.எஃப்.எஸ்.சி எண்ணைக் கொடுத்தால் ஒரு பெரிய ஃபைலில் தேடிக் கிளையின் பெயர் சொல்லும் ஃபங்ஷன். 2,900 பேர் இருந்தாலும் கிளைகள் என்னவோ நாற்பதுக்குள்தான். கேஷ் இன்ஃபோ என்று கேட்டால் எத்தனை முறை ஞாபகத்திலிருந்து சொன்னது, எத்தனை முறை தேடியது என்று காட்டும். தேடியது 39. அந்த ஃபைலும் மாசக்கணக்கில் மாறாது. கேஷ் அந்த மாதிரி இடத்துக்குத்தான்.

லாம்டாவோடு இன்னொரு கூத்து. சென்டர் ஆட்கள் பார்ப்பதற்காக திரையில் ஜன்னல், பட்டன் செய்ய உதவும் டிகேஇன்டரில் ஒரு சின்ன ஜன்னல் செய்தேன். 23 பட்டன், சென்டருக்கு ஒன்று. லூப் ஓட்டி ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு லாம்டா கொடுத்தேன். எந்தப் பட்டனை அமுக்கினாலும் 23-ஆம் சென்டர்தான் திறந்தது. லாம்டா, லூப் மாறியின் மதிப்பை எடுத்து வைத்துக்கொள்வதில்லை, பெயரை மட்டும்தான் வைத்துக்கொள்கிறது. கணக்கு நோட்டில் விலையை எழுதாமல் "இன்றைய விலை" என்று எழுதி வைத்தால், பட்டுவாடா நாளில் அன்றைய விலைதானே வரும். அமுக்கும்போது லூப் முடிந்து மாறி 23-இல் நிற்கிறது. லாம்டாவுக்குப் பதில் ஃபங்டூல்ஸில் இருக்கும் பார்ஷியலைப் போட்டதும் சரியானது, அது மதிப்பை அந்த இடத்திலேயே எழுதி மூடிவிடும். பார்ஷியல் இந்தப் பெட்டியிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது. விலை ஃபங்ஷனில் இந்த மாத ரேட் சார்ட்டை மட்டும் நிரப்பி "இந்த மாத விலை" என்று ஒரு புது ஃபங்ஷன் செய்துகொள்கிறேன். போன மாத விலையும் பக்கத்திலேயே இருக்கும், ஒன்றை ஒன்று கெடுக்காது.

அக்கா பையன் ஜாவாஸ்கிரிப்டில் எழுதுகிறான். ஃபில்டர், புள்ளி, மேப், புள்ளி என்று இடமிருந்து வலமாகப் படிக்கலாம் சித்தி, உங்கள் பைத்தானில் வெங்காயம் மாதிரி உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது என்பான். இதில் அவன் சொல்வது உண்மை. பத்தாம் வகுப்பில் சார்புகளின் சேர்ப்பு என்று வருமே, வலது பக்கம் இருப்பதை முதலில் செய்ய வேண்டும், பைத்தானில் ஒன்றுக்குள் ஒன்றாக எழுதினால் அதே கதைதான். நான் நடுவில் பெயர் கொடுத்து மூன்று வரியாகப் பிரித்துவிடுகிறேன். அவனுடைய மொழியில் எண்களை அடுக்கச் சொன்னால் 1, 10, 9 என்று அடுக்கும், எழுத்தாகப் பார்க்குமாம். பால் கணக்கை அதில் போட எனக்குத் தைரியமில்லை.

தனியாக இறக்கிக்கொள்ளும் டூல்ஸ் என்ற நூலகத்தையும் வீட்டுக் கம்ப்யூட்டரில் பார்த்தேன், பெயரின் கடைசி எழுத்து இசட். அதன் குரூப்பை நான் அன்று எதிர்பார்த்த மாதிரியே நடக்கிறது. சார்ட் வேண்டாம், நேராக டிக்ஷனரியாகக் கொடுக்கிறது. பைப் என்று ஒன்றும் உண்டு, இடமிருந்து வலமாக எழுதலாம். பிடித்திருந்தது. ஆனால் ஆபீஸ் கம்ப்யூட்டரில் வெளியிலிருந்து ஒன்றை ஏற்ற மூன்று பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பைத்தானோடு கூடவே வருவதற்குக் கையெழுத்து வேண்டாம்.

புதிதாக எடுப்பவர்களுக்கு என் சிபாரிசு: காம்ப்ரிஹென்ஷன், ஜெனரேட்டர், சார்ட்டின் கீ, பார்ஷியல், அக்யூமுலேட், பேர்வைஸ். இவற்றுக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஐந்துக்கு ஐந்து. கேஷுக்கு மூன்று. லாம்டாவுக்கு இரண்டரை. குரூப்பைக்கு எத்தனை கொடுப்பது என்று அந்தப் பாட்டியைத்தான் கேட்க வேண்டும். என் மானிட்டர் ஓரத்தில் "முதலில் சார்ட்" என்று ஒரு மஞ்சள் சீட்டு இன்னும் ஒட்டியிருக்கிறது. ஆவணத்தில் இட்டர்டூல்ஸ் பக்கத்தின் கடைசியில் சமையல் குறிப்புகள் மாதிரி ஒரு பகுதி உண்டு, அதைப் படிக்காமல் விடாதீர்கள். நான் எழுதிய பாதி ஸ்கிரிப்ட் அங்கே ஏற்கெனவே இருந்தது.

பார்ஷியலில் ஒரு குறை மிச்சமிருந்தது. பெயர் சொல்லாமல் கொடுத்தால் இடது பக்கத்திலிருந்துதான் நிரப்பும், நடுவில் இருப்பதை மட்டும் நிரப்ப முடியாது. 3.14-இல் அதற்குப் பிளேஸ்ஹோல்டர் என்று ஒன்று கொடுத்துவிட்டார்கள், இந்த இடத்தைக் காலியாக விடு என்று சொல்லிக்கொள்ளலாம். ஆபீஸில் இருப்பது 3.12. ஏற்றித் தரச் சொல்லி சிஸ்டம் தம்பியிடம் கேட்டிருக்கிறேன். பொங்கல் போகட்டும் அக்கா என்கிறான்.